ஆவடிக் குவார்ட்டர்ஸில் ஒரு ஃப்ளாக்ஸ் பாத்தி

செடி வளர்ப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல மனிதர்கள், போனால் நாலு வெண்டைக்காய் பறித்துக் கொடுப்பார்கள். நான் சொல்ல வந்தது வேறு இனம். தன் ஊரில் எந்தச் செடி வரவே வராது என்று தேடிக் கண்டுபிடித்து, அதை மட்டுமே வளர்ப்பவர். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் இந்த இனம் இப்போது நன்றாகப் பரவியிருக்கிறது. கரையான்சாவடியில் ஒருவர் மொட்டை மாடியில் ஆப்பிள் மரத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு வீட்டில் ட்யூலிப் கிழங்கைக் குளிரட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்தார்கள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்குள் போய்விட்டது. வெங்காயம் ஏன் இப்படிக் கசக்கிறது என்று பேசிக்கொண்டே மொத்தக் குடும்பமும் சாப்பிட்டு எழுந்தது.

இவரை அடையாளம் காண்பது சுலபம். வீட்டுக்குப் போனால் காப்பி வருவதற்கு முன்னால் பூதக்கண்ணாடி வரும். சௌக்கியமா என்று கேட்க மாட்டார். "உங்க வீட்டு மண்ணோட பி.எச். எவ்வளவு?" என்று கேட்பார். தன் சர்க்கரை அளவே தெரியாமல் மைசூர்பாகு தின்கிறவர் நீங்கள், மண்ணுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? விழிப்பீர்கள். அவர் உங்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, கனடாவில் நேற்று பனி பெய்ததைப் பற்றிக் கவலையோடு பேச ஆரம்பிப்பார். நம் தெருவில் முழங்கால் அளவு மழைத் தண்ணீர் நின்றாலும் அது அவர் கண்ணில் படாது. இன்னொன்றும் உண்டு. அவருடைய செடி செத்துப்போனதாகச் சரித்திரம் கிடையாது. இலை உதிர்ந்து, தண்டு காய்ந்து, விறகாகவே ஆகியிருக்கும். "ரெஸ்ட் எடுக்குது" என்பார்.

இந்த இனத்தின் சிறந்த உருப்படி உலகநாதன். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வாளர், குடியிருப்பு அங்கேயே குவார்ட்டர்ஸில். கடைசல் எந்திரத்திலிருந்து வரும் உதிரிப் பாகங்களை டிராயிங்கோடு ஒப்பிட்டு அளப்பது வேலை. சரியாக இருந்தால் பச்சை அட்டை, தப்பாக இருந்தால் சிவப்பு அட்டை. நடுவே ஒரு சந்து உண்டு. அளவு துளி பிசகியிருக்கிறது, ஆனாலும் வேலைக்கு ஆகும் என்றால், 'டீவியேஷன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். மற்ற ஆய்வாளர்களுக்குக் குடும்பம் குட்டி இருந்தது, அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உலகநாதன் முப்பத்தாறு வருடத்தில் ஒரு டீவியேஷன் போட்டதில்லை.

அதிகமாகச் சிவப்பு அட்டை வாங்கியவன் தினகரன். கோவில்பதாகையில் பரம்பரையாக விவசாயம் பார்த்த வீட்டுப் பிள்ளை. இன்றைக்கும் மிச்சமிருக்கும் அரைக்காணி கீரைக்குத் தண்ணீர் கட்டிவிட்டுத்தான் ஷிஃப்டுக்கு வருவான். கைராசியான டர்னர். ஆனால் மாதத்துக்கு நாலு தடவை அவன் கடைந்த சாமான் மயிரிழை வித்தியாசத்தில் திரும்பி வரும்.

"சார், டீவியேஷன் போட்டு எடுத்துக்கங்க சார். நல்லா ஓடும்."

"ஓடறது முக்கியமில்ல தினகரன். டிராயிங்ல இருக்கா?"

இந்த உரையாடல் இருபது வருடமாக ஒரு எழுத்து மாறாமல் நடந்துவந்தது. தினகரன் வெளியே வந்து டீக்கடையில் என்ன சொல்வான் என்பதை இங்கே எழுத முடியாது.

சரி, ஃப்ளாக்ஸுக்கு வருவோம். ஒருநாள் மத்தியானம் உலகநாதன் போனில் ஒரு வீடியோ பார்த்தார். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள், முழங்கை வரைக்கும் கையுறை மாட்டிக்கொண்டு, தன் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினாள். இடுப்பு உயரத்துக்கு வரிசையாக ஃப்ளாக்ஸ் செடிகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு பெரிய பூங்கொத்து. கொத்தில் நூறு பூ, பூவுக்கு ஐந்து இதழ், வெளிறிய ரோஜா நிறம், நடுவில் சிவப்பாக ஒரு கண். ஒருமுறை நட்டால் போதும், வருடாவருடம் தானே வரும். மார்கழி மாதிரி மாதங்களில் பனிக்கு அடியில் உறங்கி, வசந்தத்தில் துளிர்த்து, கோடைக் கடைசியில் பூக்கும். ஆவடியில் கோடைக்குக் கடைசி எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் மனைவி வரலட்சுமியும் கேட்டாள்.

"மேடம் எல்லாம் விவரமா சொல்லியிருக்காங்க," என்றார் உலகநாதன்.

"எந்த மேடம்?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் மேடம் வைத்ததுதான் சட்டம். வாசலில் வரலட்சுமி வைத்திருந்த கனகாம்பரம், தூதுவளை, கற்பூரவல்லி எல்லாவற்றுக்கும் சிவப்பு அட்டை. எல்லாம் வேரோடு போயின. யாரும் வைக்காமலே ஓரமாகப் பூத்துக் கிடந்த நித்தியகல்யாணியும் போயிற்று. ஆனால் அதற்கு மட்டும் விவரம் பற்றாது. பிடுங்கின இடத்திலேயே அடுத்த வாரம் வந்து நின்றது. உலகநாதன் ஞாயிறுதோறும் குந்தி உட்கார்ந்து அதைப் பிடுங்குவதை ஒரு விரதமாகவே வைத்துக்கொண்டார்.

ஆன்லைனில் தருவித்த வேர்க்கட்டைகள் ஒன்பது. செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி வேண்டும், காற்று ஓட வேண்டும் என்பது மேடத்தின் வாக்கு. ஸ்டீல் டேப்பால் அளந்து நட்டார். மறுநாள் திரும்ப அளந்தார். ஒன்று அரை இஞ்சு தள்ளியிருந்தது. அதற்குச் சிவப்பு அட்டை கட்டித் தோண்டியெடுத்து மறுபடி நட்டார். ஒரு மாதத்தில் ஏழு அழுகின. இரண்டு மட்டும் விரல் நீளத்துக்குத் துளிர்த்து, இங்கே எதற்கு வந்தோம் என்பதாக நின்றன. பாத்தித் தலைமாட்டில் மேடம் தோட்டத்து ஃப்ளாக்ஸ் படத்தை லேமினேட் செய்து நட்டுவைத்தார். செடிகள் அதைப் பார்த்து வளர வேண்டும் என்பது ஏற்பாடு.

இவ்வளவோடு இருந்திருந்தால் வீட்டுச் சமாச்சாரமாகப் போயிருக்கும். உலகநாதன் வாயைக் கொடுத்தார்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம். ஒருவர் ஓய்வுபெறும் நாளில் செக்‌ஷன் ஆட்கள் சேர்ந்து மாலை போட்டு, வேனில் ஏற்றி, மேளம் கொட்டி, பட்டாசு வெடித்து, அவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குவார்கள். வீட்டில் கேசரியும் போண்டாவும் தயாராக இருக்கும். உலகநாதனுக்கு ஓய்வு, நட்டதிலிருந்து மூன்றாம் வருடம் ஜூன் முப்பதாம் தேதி. ஃப்ளாக்ஸ் மூன்றாம் வருடம்தான் முழுசாகப் பூக்கும் என்று மேடம் சொல்லியிருந்தாள். ஓய்வுக்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும், அடுத்த வருடம் என்பதே அந்தப் பாத்திக்குக் கிடையாது. எல்லாம் கணக்காகப் பொருந்துகிறதே என்ற பூரிப்பில், சாப்பாட்டு இடைவேளையில் அத்தனை பேர் நடுவில் அறிவித்தார்.

"என்னை வீட்ல விட வருவீங்க இல்ல, அன்னைக்கு ஃப்ளாக்ஸ் பூத்திருக்கும். எல்லாரும் பாருங்க."

தினகரன் சாப்பாட்டு டப்பாவை மூடினான். "சார், அன்னைக்கி நீங்க ஆபீஸர் இல்ல. நாங்க இன்ஸ்பெக்‌ஷன் பண்ணலாமா?"

நாற்பது பேர் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். "தாராளமா பண்ணு," என்றார் உலகநாதன்.

சொன்ன பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. பூக்காவிட்டால் முப்பத்தாறு வருடம் அவர் கட்டிய அத்தனை சிவப்பு அட்டையும் சிரிப்புக்கிடமாகிவிடும். அடுத்தவன் சாமானில் மயிரிழை பார்த்த மனுஷன், தன் வாசலில் ஒரு பூவைப் பூக்கவைக்கத் துப்பில்லாதவன் என்று மாலை போட்ட கையோடு சொல்லிவிட்டுப் போவார்கள். ஓய்வுபெறும் மனிதனுக்கு இருப்பது பேர் ஒன்றுதான். அதையும் இரண்டு விரல் நீளத் துளிரிடம் ஒப்படைத்துவிட்டார்.

மூன்றாம் வருடத்து மார்கழியில் போர் தொடங்கியது. ஃப்ளாக்ஸுக்கு உறக்கம் வேண்டும், உறக்கத்துக்குப் பனி வேண்டும். ஆவடியில் மார்கழி என்பது காலை ஏழு மணி வரைக்கும் இருக்கும், அதற்கப்புறம் வெயில். ஆகவே உலகநாதன் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரில் மீன் மார்க்கெட் ஐஸ் கடைக்குப் போனார்.

"எத்தினி கூடை மீனு சார்?" என்றான் ஐஸ்காரன்.

"மீன் இல்லை. செடிக்கு."

"செடிக்கா? இன்னா சார், ஜுரமா?"

"இல்லப்பா. குளிரணும் அதுக்கு."

ஐஸ்காரன் அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு உள்ளே திரும்பி, "டேய், சாருக்கு நல்ல கட்டியா பாத்து குடு. ஊட்ல பேஷண்ட்டு கீது," என்றான்.

காலையில் ஒரு கட்டி, சாயங்காலம் ஒரு கட்டி. உடைத்து இரண்டு செடியைச் சுற்றியும் கரை கட்டினார். தெர்மாமீட்டர் செருகினார். ஆனால் ஐஸ் வந்த கோணி முந்தின நாள் வஞ்சிரம் இருந்த கோணி. மூன்றாம் நாள் குவார்ட்டர்ஸில் இருந்த மொத்தப் பூனையும் பாத்தியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. பத்தொன்பது பூனைகள். உலகநாதன் தடியோடு விரட்டினால் பத்தடி தள்ளிப் போய் உட்காரும், அவர் திரும்பினால் மறுபடி முன்வரிசைக்கு வரும். கண் இமைக்காமல் ஃப்ளாக்ஸையே பார்த்துக்கொண்டிருக்கும். இவ்வளவு பேர் இவ்வளவு நம்பிக்கையோடு காத்திருந்த செடி அந்தப் பக்கத்திலேயே கிடையாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நின்று எண்ணிவிட்டுப் போயின.

அடுத்தது நோய். ஃப்ளாக்ஸுக்கு இருக்கும் ஒரே பெரிய எதிரி சாம்பல் நோய். இலை மேல் வெள்ளையாக மாவு பூத்தாற்போல் படரும், விட்டால் செடியையே முடித்துவிடும் என்று மேடம் நாலு வீடியோவில் எச்சரித்திருந்தாள். தை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது ஒரு காலை, உலகநாதன் பூதக்கண்ணாடியோடு குனிந்தவர் நிமிரவே இல்லை. இலைகளில் வெள்ளை மாவு.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து வரலட்சுமி பயந்தே போனாள். பத்து நிமிடத்தில் பாத்தியைச் சுற்றிக் கயிறு கட்டியாயிற்று. எட்டு வீட்டு வரிசைக்கும் வாட்ஸ்அப்பில் எச்சரிக்கை போயிற்று. பாலில் தண்ணீர் கலந்து தெளித்தால் கேட்கும் என்று மேடம் சொன்னதால் அன்றைக்கு வீட்டில் காப்பி கிடையாது. மத்தியானம் பார்த்தால் நோயில் பாதியைக் காணோம். சாரை சாரையாக எறும்புகள் வந்து நோயைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. உலகநாதன் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். 'சாம்பல் நோயை எறும்புகள் உண்டு அழிக்கின்றன, இது புதிய கண்டுபிடிப்பு' என்று க்ரூப்பில் போட்டார்.

தெரு கூட்டும் எல்லம்மா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். "யம்மா, நீ காலீல அரிசி மாவுல கோலம் போட்டியே, காத்து அட்ச்சிதே, அது இன்னா ஆச்சி?"

வரலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். விஷயம் தெரிந்ததும் உலகநாதன் கண்டுபிடிப்பைத் திரும்பப் பெறவில்லை. பாத்திக்கு இருபது அடிக்குள் கோலம் போடக்கூடாது என்று தடை மட்டும் போட்டார். அந்த வருடம் பொங்கலுக்கு வரலட்சுமி பக்கத்து வீட்டு வாசலில் போய்க் கோலம் போட்டாள்.

பங்குனி வந்தது. வசந்தத்தில் செடிக்கு ஐந்து தண்டை விட்டுவிட்டு மீதியை வெட்டிவிட வேண்டும், அப்போதுதான் பூ பெரிசாக இருக்கும் என்பது விதி. உலகநாதன் கத்தரிக்கோலைச் சாணை பிடித்துக்கொண்டு போனார். இரண்டு செடிக்கும் சேர்த்து இருந்த தண்டு ஒன்றரை. வெட்ட ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தார். சித்திரையில் பச்சை வலை கட்டி, எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து, டேபிள் ஃபேன் வைத்தார். வீட்டுக்குள் வரலட்சுமி விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். அக்னி நட்சத்திரத்தின் நாலாம் நாள் ஒன்று காய்ந்தது, ஒன்பதாம் நாள் இன்னொன்று.

"ரெண்டும் ரெஸ்ட் எடுக்குது," என்றார் உலகநாதன்.

"எத்தினி நாளிக்கி சார் ரெஸ்ட்டு? கவர்மெண்ட் லீவு மாரி கீதே," என்றாள் எல்லம்மா.

அவர் குச்சியின் அடியில், இலை நனையாமல், காலையில் மட்டும், விதிப்படி தண்ணீர் ஊற்றினார். அந்த நாட்களில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலைக்குப் போனால் தினகரன் எதுவும் கேட்பதில்லை. விரலை மட்டும் மடக்கிக் காட்டுவான், இன்னும் இத்தனை நாள் என்று. அது போதாதா?

ஜூன் முதல் வாரம் ஒரு சாயங்கால மழை. மூன்றாம் நாள், காய்ந்த குச்சிக்கு அரை விரற்கடை தள்ளி, ஒரு துளிர். எதிரெதிராக இரண்டிரண்டு இலை. ஃப்ளாக்ஸுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று மேடம் சொன்னது ஞாபகம் வந்தது. உலகநாதன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் சொன்னேன் இல்ல? ரெஸ்ட்டுன்னு சொன்னேன் இல்ல?" என்று யாரும் இல்லாத வாசலைப் பார்த்துக் கேட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வரலட்சுமி ஜன்னல் வழியாகவே பார்த்துத் தெரிந்துகொண்டாள். மூன்று வருடம் ஞாயிறுதோறும் அவர் பிடுங்கிப் போட்டதை அள்ளிக் கொட்டியவள் அவள்தான், அவளுக்குத் தெரியாதா? எல்லம்மாவுக்கு இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது.

"யம்மா, அது நித்தியகல்யாணிமா. சாருகிட்ட சொல்லிடட்டுமா?"

"முப்பதாம் தேதி முடியட்டும் எல்லம்மா. மனுஷன் இப்பதான் ரெண்டு இட்லி சாப்பிடறாரு."

அப்படியாக அந்த நித்தியகல்யாணிக்கு வாழ்வு வந்தது. பிறந்ததிலிருந்து உதை வாங்கிப் பழகிய செடிக்கு மண்புழு உரம், காய்ந்த இலை மூடாக்கு, டேபிள் ஃபேன். அது என்ன நினைத்ததோ, ஒரு முழம் வளர்ந்து இருபத்துநாலாம் தேதி பூத்தும்விட்டது. ஐந்து இதழ், வெளிறிய ரோஜா நிறம், நடுவில் சிவப்புக் கண். உலகநாதன் படமெடுத்து செக்‌ஷன் க்ரூப்பில் போட்டார். நாற்பது பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஆளுக்கு ஆள் வீட்டு வாசலில் அதே பூ இருந்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. தினகரன் மட்டும், 'முப்பதாம் தேதி பார்க்கலாம் சார்' என்று போட்டான்.

முப்பதாம் தேதி காலை, கடைசி தடவையாக வேலைக்குக் கிளம்பும் முன், உலகநாதன் ஒரு காரியம் செய்தார். செய்திருக்க வேண்டாம், ஆனால் முப்பத்தாறு வருடப் பழக்கம் விடுமா? எந்தச் சாமானும் வெளியே போவதற்கு முன் இன்னொரு தடவை டிராயிங்கோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குந்தினார். லேமினேட் படத்தைப் பார்த்தார், செடியைப் பார்த்தார். படத்தில் பூ உச்சியில் கொத்தாக இருந்தது. செடியில் இலை இடுக்கில் இரண்டிரண்டாக இருந்தது. படத்தில் இலை ஈட்டி மாதிரி கூராக, செடியில் மழுங்கலாக, பளபளப்பாக, நடுவே வெள்ளை நரம்போடு. இந்த இலையை அவர் கைக்குத் தெரியும். நூற்றைம்பது ஞாயிற்றுக்கிழமை பிடுங்கிய கை அது.

வெகுநேரம் குந்தியிருந்தார். "நேரமாச்சுங்க," என்று வரலட்சுமி டிபன் டப்பாவை நீட்டினாள். வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்.

சாயங்காலம் நாலரைக்கு வேன் வந்தது. முன்னால் மேளம், பின்னால் பட்டாசுப் புகை, நடுவில் கழுத்து தெரியாத அளவுக்கு மாலையோடு உலகநாதன். இறங்கியதும் வழக்கப்படி ஆரத்தி எடுத்தார்கள். வழக்கப்படி எல்லோரும் போண்டாவுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. நாற்பது பேரும் பாத்தியைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். தினகரன் சட்டைப் பையிலிருந்து மயிரிழை அளக்கும் வெர்னியரை எடுத்தான். இன்னொரு பையிலிருந்து ஒரு பச்சை அட்டை, ஒரு சிவப்பு அட்டை. மேளக்காரர் தானாகவே நிறுத்திக்கொண்டார்.

தினகரன் குந்தினான். படத்தைப் பார்த்தான். "இதழ் அஞ்சு. ஓகே. கலரு ஓகே. நடுவுல கண்ணு, ஓகே." பிறகு பூவுக்குக் கீழே இருந்த இலையைத் திருப்பிப் பார்த்தான். அவன் கீரைப் பாத்தி வரப்பு முழுக்க இந்தப் பூதான். அதை அவன் ஆறு வயதிலிருந்து மிதித்துக்கொண்டு போயிருக்கிறான். தலையைத் தூக்கி உலகநாதனைப் பார்த்தான். மாலைக்கு மேலே அந்த முகம் வெளுத்துக் கிடந்தது. இருபது வருடமாக இந்த நிமிடத்துக்காகக் காத்திருந்தவன் என்ன செய்வான் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

"சார்," என்றான் தினகரன் மெதுவாக, "சின்ன வித்தியாசம் கீது. பரவால்ல. டீவியேஷன் போட்டு எடுத்துக்கலாம்."

வரலட்சுமி ஆரத்தித் தட்டோடு அப்படியே நின்றாள். இப்போது ஒரு சரி சொன்னால் போதும். பேர் நிலைக்கும், போண்டா சூடாக இருக்கும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

"டிராயிங்கை மறுபடி பாரு," என்றார் உலகநாதன்.

"பாத்தேன் சார்."

"பூ எங்க இருக்கு?"

"உச்சில."

"இதுல?"

"எல இடுக்குல. வுடுங்க சார். அதான் பூத்துகீதே."

"பூக்கறது முக்கியமில்ல தினகரன். இது நித்தியகல்யாணி. அந்தச் சிவப்பு அட்டையைக் கொடு."

உலகநாதன் மாலையை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார். அட்டையில் தேதி போட்டார். சாமான்: ஃப்ளாக்ஸ். காரணம்: வேறு செடி. அன்றைக்கும் அவர் உத்தியோகத்தில் இருந்த ஆள்தான், கையெழுத்துச் செல்லும். போட்டு, செடியின் தண்டில் கட்டி, முடிச்சு இறுகியிருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தார்.

தினகரன் எழுந்து, பக்கத்தில் நின்ற இன்னொரு டர்னர் சண்முகசுந்தரத்தின் தோளைப் பிடித்தான். "இருவது வருஷமா இன்னா நெனச்சிகினு இருந்தேன் தெரியுமா மாமே? எம்மேல இந்தாளுக்கு ஏதோ காண்டுன்னு. அத்த நெனச்சி எத்தினி நாளு சோறு துன்னாம பட்த்துகீறேன். இல்ல மாமே. இவுரு அவ்ளோதான். இவுருக்கு எல்லாரும் ஒண்ணுதான்." அடுத்த நிமிடம் உலகநாதனின் தொடையில் கையைக் கொடுத்து அப்படியே தோளில் தூக்கிவிட்டான். மேளம் திடுக்கிட்டு மறுபடி ஆரம்பித்தது. நாற்பது பேரும் பாத்திக்குள் இறங்கி அவரைச் சுற்றி ஆடினார்கள். ஒன்றரை அடி இடைவெளி யாரும் விடவில்லை. மூடாக்கு போயிற்று, தெர்மாமீட்டர் போயிற்று, மேடத்தின் படம் எல்லம்மா காலடியில் போயிற்று. கூட்டம் போண்டாவுக்கு நகர்ந்தபோது அந்தப் பாத்தியில் நிமிர்ந்து நின்றது ஒன்றுதான். சிவப்பு அட்டையோடு புதிதாக ஒரு மொட்டும் விட்டிருந்தது.

எல்லோரும் போன பிறகு வரலட்சுமி கேசரிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "ஏங்க, பூத்த செடியையே ரிஜெக்ட் பண்ற ஆளு, அன்னைக்கு பொண்ணு பார்க்க வந்தப்ப என்னை எப்படிங்க பாஸ் பண்ணீங்க?"

உலகநாதன் யோசித்தார். யோசித்திருக்கக் கூடாது. அந்த வாரம் முழுக்க வீட்டில் காப்பி அவரே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்போது அவர்கள் கோவில்பதாகையில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறார்கள். இரண்டாம் மாடி, மேற்கு பார்த்த பால்கனி, மத்தியானம் கம்பியைத் தொட்டால் கை சுடும். அங்கே லாவெண்டர் வைத்திருக்கிறார். அது ரெஸ்ட் எடுத்துக்கொண்டிருக்கிறது.

நன்றாகச் சிரித்தீர்கள். எனக்கும் சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். படிக்கும்போது நடுவில் நிறுத்தி, ஃப்ளாக்ஸ் எப்படித்தான் இருக்கும் என்று போனில் தேடிப் பார்த்தீர்களா? அட, அழகாகத்தான் இருக்கிறது என்று தோன்றியதா? உலகநாதன் ஐஸை வெளியே வைத்ததுதான் தப்பு, நாமாக இருந்தால் தொட்டியோடு ஃப்ரிட்ஜுக்குள் வைத்திருப்போம் என்று ஒரு யோசனை ஓடியதா? காய்கறித் தட்டை எடுத்துவிட்டால் உயரம் சரியாக வரும் என்பதுவரை போய்விட்டீர்களா?

அது வராது. சொல்லிவிட்டேன். நீங்கள் எழுந்து போய் ஃப்ரிட்ஜை அளக்கத்தான் போகிறீர்கள். டேப் டி.வி. ஸ்டாண்டு இழுப்பறையில் இருக்கிறது.